மூன்று தண்ணீர் கொட்டிய கீரை

அன்று அங்கே இருந்தவர்கள் யார் யார் என்று முதலில் எழுதிவிடுகிறேன். இருங்காட்டுக்கோட்டை விருந்தினர் விடுதியின் சமையலறையில் அக்காவும் நானும். கேட்டில் வாட்ச்மேன் அண்ணன். மாடி அறைகளில் கொரியாவிலிருந்து வேலைக்கு வந்து தங்கியிருந்த இன்ஜினியர்கள் ஒன்பது பேர். காலையில் கிளம்பி, சாயங்காலம் ஆறரைக்குத் திரும்பினார்கள். விடுதியை நடத்திய கொரியா மேடம் காலையில் ஒரு முறை வந்தார், இரவுச் சாப்பாட்டுக்கு ஒரு முறை வந்தார். கொல்லையில் ஒரு மாடு. அவ்வளவுதான். நம் உறவில் வேறு யாரும் அன்று அங்கே இல்லை.

இதை ஏன் இவ்வளவு கறாராகச் சொல்கிறேன் என்றால், அக்காவின் பதினாறாம் நாள் காரியத்தில் சாப்பிட்டு எழுந்த பிறகு உறவினர் ஒருவர் அந்தக் கதையைச் சொன்னார். "ஏரோப்ளேன்ல வந்த கீரைய, இன்னா ஏதுன்னு தெரியாம குழியில கொட்டிட்டு நின்னுச்சே நம்ம பொண்ணு! சம்பளத்துல புடிச்சிட்டான் பாரு!" எல்லாரும் சிரித்தார்கள். துக்க வீட்டில் கொஞ்சம் சிரிப்பது நல்லதுதான். ஆனால் அந்தச் சிரிப்பு அக்காவுக்குச் சேர வேண்டியதில்லை. ஒரு வருடமாக அது என் காதிலேயே நிற்கிறது. முதலாம் ஆண்டுக்கு நினைவு மலர் அச்சடிக்கலாம் என்று மாமா, அதாவது அக்காவின் கணவர், சொன்னபோது நானே எழுதுகிறேன் என்று கேட்டு வாங்கிக்கொண்டேன். நான் எட்டாம் வகுப்போடு நின்றவள். எழுத்துப்பிழைகளை அக்கா மகள் பார்த்துத் திருத்தியிருக்கிறாள். அச்சில் ஏறிவிட்டால் மாற்ற முடியாதே என்று நான்கு முறை படித்தும் பார்த்துவிட்டேன். இதில் எழுதியிருப்பது நடந்தது.

அக்கா மணிமங்கலத்தில் பிறந்தார். அப்பா கொத்தனார் வேலை. நாங்கள் இரண்டே பெண்கள். அக்கா பத்தாம் வகுப்பு முடித்த வருடம் அம்மா தவறிப்போனார். அந்த வருடமே அக்கா ஒரகடத்தில் ஒரு கம்பெனியில் ஒயர் கட்டும் லைனில் சேர்ந்தார். மூன்று ஷிப்ட்டும் பார்த்தார். தம் கல்யாணத்துக்குத் தாமே ஓ.டி. செய்து நகை சேர்த்தவர் அக்கா. இதை அப்பா இருந்தவரை எல்லாரிடமும் சொல்லிக்கொண்டிருந்தார். மாமா கம்பெனி பஸ் ஓட்டுபவர். கல்யாணமாகி சுங்குவார்சத்திரத்தில் குடி வைத்தார்கள். நின்றே வேலை பார்த்ததில் அக்காவுக்குக் கால் வீங்க ஆரம்பித்தது. லைனை விட்டுவிட்டு, இந்த விருந்தினர் விடுதியில் பாத்திரம் கழுவச் சேர்ந்தார்.

பாத்திரம் கழுவச் சேர்ந்தவர் இரண்டு வருடத்தில் அடுப்புக்கு வந்தார். யாரும் உட்கார வைத்துச் சொல்லித்தரவில்லை. தட்டில் எது மீந்து வருகிறது, எது வழித்துத் துடைத்து வருகிறது என்று கழுவும் இடத்திலேயே பார்த்து வைத்துக்கொண்டார். கோஸில் கிம்ச்சி என்ற அவர்கள் ஊறுகாய் போடுவது, மீனை எண்ணெய் குடிக்காமல் வறுப்பது எல்லாம் மேடத்தை விட அக்காவுக்கு நன்றாக வந்தது. இன்ஜினியர்கள் பெயர் வாயில் நுழையாததால் நாங்கள் அவர்களை அறை நம்பர் சொல்லித்தான் கூப்பிடுவோம். நான் கூப்பிடுவதைக் கேட்டுக்கேட்டு அவர்களும் "அக்கா, அக்கா" என்றார்கள். வெகுநாள் வரை அதுதான் அவர் பெயர் என்றே நினைத்துக்கொண்டிருந்தார்கள்.

நான் அங்கே உதவிக்குச் சேர்ந்து அப்போது ஒரு மாதம்கூட ஆகவில்லை. அதற்கு முன் இரண்டு இடங்களில் என்னை நிறுத்தியிருந்தார்கள். ஒரு கம்பெனியில் ஒவ்வொரு ஸ்க்ரூவையும் மறுபடி மறுபடி முடுக்கிப் பார்த்து லைனையே நிற்க வைத்தேன். அப்படிப்பட்டவளை அக்கா தம் பேரைச் சொல்லிச் சேர்த்திருந்தார்.

அது பங்குனி மாதம். நமக்கு வெயில் மண்டையைப் பிளக்கும் அந்த நாட்களில்தான் அவர்கள் நாட்டில் பனி கரைந்து, மலையடியில் பெரணிக் குருத்து முளைக்குமாம். ஏழாம் நம்பர் சார் நான்கு வருடம் இருந்துவிட்டு ஊருக்குப் போகிறார், அவருக்கு அதில் ஒரு பொரியல் வேண்டும் என்று மேடம் காசு போட்டு, ஊரிலிருந்து வந்த ஒருவரிடம் ஐஸ் பெட்டியில் வரவழைத்திருந்தார். அந்த விருந்துக்குள் இன்னொரு விஷயமும் இருந்தது. மேடத்தின் மகளுக்குப் பிரசவம்; நான்கு மாதம் அவர் இங்கே இருக்க மாட்டார். சமையலறையை அக்காவிடம் விடுவதா, சென்னையிலிருந்து ஆண் சமையல்காரரை வைப்பதா என்று அந்தச் சாப்பாட்டைப் பார்த்துத்தான் சொல்வேன் என்றிருந்தார். அக்காவுக்கு அந்த இடம் வேண்டும். வாய்விட்டு எங்களிடம் சொன்னதில்லை. ஆனால் அன்று காலை புதுப் புடவை கட்டிக்கொண்டு வந்திருந்தார். மாமாவிடம் அதன் விலையில் இருநூறு ரூபாய் குறைத்துச் சொல்லியிருந்தார்.

பெட்டியைத் திறந்தபோது நான் ஓரடி பின்னால் போனேன்.

"இன்னாக்கா இது, மரவட்டையாட்டம் சுருண்டுக்கினு கீது?"

"பெரணிடி. கோசாரின்னுவாங்க."

"இத்தப் போயி துன்னுவாங்களா?"

"நீ நண்டு துன்றியே, அத்த மொதல்ல பாத்தவன் இன்னா சொல்லிருப்பான்?"

பச்சைத் தண்டு, நுனியில் வட்டமாகச் சுருள், மேலே பழுப்பாகப் பஞ்சு மாதிரி ரோமம். அக்கா அதையெல்லாம் விரலால் தேய்த்து எடுத்தார். ஒரு பங்கை மேடத்துக்கென்று ஃபிரிட்ஜில் வைத்துவிட்டு, மிச்சத்தைப் பெரிய குண்டானில் வேகப் போட்டார். அந்தக் கீரையில் ஒரு விஷயம் உண்டு. வெந்த தண்ணீரைக் கொட்ட வேண்டும். பிறகு நல்ல தண்ணீரில் ஊறவைத்து, அதையும் மாற்றி மாற்றிக் கொட்ட வேண்டும். மூன்று தண்ணீராவது போனால்தான் அதிலுள்ள கெடுதல் போகும். மேடம் இதை அக்காவிடம் விரல் விட்டுச் சொன்னபோது நான் மாடியில் படுக்கை விரிப்பு உருவிக்கொண்டிருந்தேன். மீன் வாங்க ஸ்ரீபெரும்புதூருக்குக் கிளம்பும் அவசரத்தில் அக்கா என்னிடம் சொன்னது இவ்வளவுதான்: "வெந்ததும் தண்ணியக் கொட்டிட்டு, புதுத் தண்ணி ஊத்தி வை. மூணு தபா மாத்தணும்."

எங்கள் வீட்டில் கீரை வெந்த தண்ணீரைக் கொட்டும் பழக்கமே கிடையாது. அம்மா அதில்தான் ரசம் வைப்பார். "கீரத் தண்ணியக் கொட்டுறவ நாளைக்கு சோத்தையும் கொட்டுவா" என்பார். ஏரோப்ளேனில் வந்த கீரையின் தண்ணீரைச் சாக்கடையில் ஊற்ற எனக்குக் கை வரவில்லை. குண்டானுக்குப் புதுத் தண்ணீர் ஊற்றினேன், அதில் தவறில்லை. வடித்ததைத் தனியாக எடுத்து, புளி கரைத்து, மிளகு சீரகம் தட்டிப்போட்டு, எங்கள் மூவரின் மதியச் சாப்பாட்டுக்கு ரசம் வைத்தேன்.

வாட்ச்மேன் அண்ணன் பன்னிரண்டரைக்கெல்லாம் சாப்பிட்டுவிடுவார்.

"இன்னா தங்கச்சி, ரசமா கசாயமா?"

"கீர ரசம்ணா. ஒடம்புக்கு நல்லது."

"அப்போ இன்னொரு கரண்டி வுடு. டாக்டர் செலவு மிச்சம்."

அக்கா வந்ததும் மூடியைத் திறந்து மோந்து பார்த்தார். "இன்னாத்துலடி வெச்ச?" என்றார். சொன்னேன். ரசச் சட்டியை அப்படியே தூக்கித் தொட்டியில் கவிழ்த்தார். "யார்னா குடிச்சாங்களா?" என்று கேட்டபோதே வெளியே வாட்ச்மேன் அண்ணன் நாற்காலியில் வயிற்றைப் பிடித்துக்கொண்டு குனிந்திருந்தார். பிறகு வாந்தி எடுத்தார். அக்கா ஆட்டோ பிடித்து அவரை ஆஸ்பத்திரிக்கு அழைத்துப் போனார்.

மூன்று மணிக்கு போன் வந்தது. "ஒன்னுமில்ல. சலைன் ஏத்துறாங்க, சாயந்தரம் வுட்ருவாங்க. நீ மறக்காம தண்ணிய மாத்து." அக்கா தெளிவாகத்தான் சொன்னார். நான்தான் கேட்கவில்லை. தண்ணீரே ஒரு ஆளை இப்படிச் சாய்த்தால், கீரை ஒன்பது பேரை என்ன செய்யும் என்று நினைத்தேன். ஒன்பது பேருக்கும் ஆம்புலன்ஸ், போலீஸ், பேப்பர், அக்கா கையில் விலங்கு என்று என் மனம் வரிசையாகப் போட்டுக்கொண்டே போனது. அக்காவிடம் கேட்டால் வேண்டாம் என்பார் என்று கேட்கவும் இல்லை. குண்டானைத் தூக்கிப் போய்க் கொல்லைக் குழியில் கவிழ்த்தேன். ஒரு சுருள்கூட விடவில்லை. உடனே மாடு வந்தது. அது தின்று செத்தால் அந்தப் பாவம் வேறு என்று துடைப்பத்தை வைத்துக்கொண்டு விரட்டினேன். மண்ணைத் தள்ளி மூடி, மேலே ஓட்டை பக்கெட்டைக் கவிழ்த்து, அதன் மேல் ஒரு கல்லும் வைத்தேன்.

கொட்டியது நான். அக்கா இல்லை. பன்னிரண்டு வருடமாக நம் குடும்பத்தில் சொல்லிச் சிரிக்கும் அந்தக் கதையில் குழியோரம் நிற்க வேண்டியவள் நான்.

அக்கா ஐந்து மணிக்கு வந்தார். நேரே குண்டானைப் பார்த்தார்.

"எங்கடி?"

"கொட்டிட்டேங்க்கா."

"தண்ணியக் கேக்கல. கீரையக் கேக்குறேன்."

"அத்தயும்தாங்க்கா."

அக்கா அங்கேயிருந்த முக்காலியில் உட்கார்ந்தார். பிறகு, "மாடு துன்னுச்சா?" என்றார்.

"இல்ல. தொரத்திட்டேன்."

"அந்த மட்டும் நல்லது."

சிரித்தார். எனக்கு அழுகை வந்துவிட்டது. அக்காவுக்குக் கிடைக்க வேண்டிய இடத்தை நானே குழியில் போட்டு மூடிவிட்டேன் என்று அப்போதுதான் உறைத்தது. ஃபிரிட்ஜில் ஒரு பங்கு இருக்கிறதே, ஒரு கொதி விட்டு எடுத்துத் தாளித்துவிடலாம், இன்னும் ஒன்றரை மணி நேரம் இருக்கிறது என்றேன்.

"ஒத்தத் தண்ணில எடுத்தத ஊருக்குப் போற மனுஷனுக்கு வெக்கச் சொல்றியா? ஒருத்தர ஆஸ்பத்திரில படுக்க வெச்சது பத்தாதா?"

"அப்போ பீன்ஸ மெல்லிசா நறுக்கி, அந்தக் கருப்பு சாஸ ஊத்தி..."

"நாலு வருசமா அவருக்கு பீன்ஸுதாண்டி போடுறேன். பீன்ஸு அவருக்குத் தெரியாதா? மூஞ்சியக் கழுவு. மீனு கீது, அத்தப் பாக்கலாம்."

ஏழு மணிக்கு மேசை நிறைய வைத்தார். மீன், முட்டை, மூன்று வகைக் கிம்ச்சி, பயறு முளை. பெரணிக்கென்று எடுத்து வைத்திருந்த வெள்ளைக் கிண்ணத்தையும் அதன் இடத்தில் வெறுமையாகவே வைத்தார். எல்லாரும் உட்கார்ந்ததும் ஏழாம் நம்பர் சார் அருகில் போய் நின்றார். கையை நெஞ்சில் வைத்துக்கொண்டு சொன்னார்: "கோசாரி நோ, சார். மை மிஸ்டேக். ஐ த்ரோ." வாட்ச்மேன் அண்ணன் ரசம் குடித்ததையும் சொன்னார். அதையும் தாம் வைத்ததாகவே சொன்னார்.

நான் கதவோரம் நின்றிருந்தேன். வாயைத் திறந்தேன். அக்கா திரும்பாமலேயே, "உள்ள போயி சோறு எடுத்தா" என்றார். போனேன். அந்த வாயை இன்றுதான் மறுபடி திறக்கிறேன்.

சோற்றோடு திரும்பி வந்தபோது மேடத்தின் முகம் சிவந்திருந்தது. ஒருவரும் சாப்பிடும் குச்சியைக் கையில் எடுக்கவில்லை. ஏழாம் நம்பர் சார் போனில் ஏதோ தட்டி அக்காவிடம் நீட்டினார். அது தமிழில் மாற்றிக் காட்டியது. "என் அம்மா ஒரு பகல், ஒரு இரவு ஊறவைப்பார். அவசரப்பட்டுக் கை வைத்தால் அடி விழும்." அக்கா அதைச் சத்தமாகப் படித்தார். பிறகு மேடத்தைப் பார்த்து, ஃபிரிட்ஜைக் காட்டி, "டுமாரோ?" என்றார். சாருக்கு விமானம் மறுநாள் இரவுதான். அது மேடம் தமக்கென்று வைத்திருந்த பங்கு. சற்று யோசித்துத் தலையாட்டினார்.

சாப்பாடு முடிந்ததும் அதை வேகப் போட்டோம். தண்ணீரைக் கொட்டும் வேலையை அக்கா என்னிடமே கொடுத்தார். ஒவ்வொரு முறையும் பக்கத்தில் நின்று, "ஒன்னு" என்றார், "ரெண்டு" என்றார். மூன்றோடு விடவில்லை. மறுநாள் காலைக்குள் ஐந்து தண்ணீர் கொட்டினேன். அவர்கள் ஊர் எள்ளெண்ணெய் தீர்ந்துபோயிருந்தது. அதற்கு வறுத்த வாசனை இருக்கும், நம் நல்லெண்ணெய்க்கு அது வராது. அக்கா எள்ளைச் சிவக்க வறுத்து, நுணுக்கி, நல்லெண்ணெயில் சூடு காட்டி இறக்கினார். அதில் பூண்டு நசுக்கிப் போட்டு, சுருள் உடையாமல் பெரணியைப் பிரட்டி, சோயா சாஸ் இரண்டு ஸ்பூன் விட்டு, தண்ணீர் தெளித்து மூடி வைத்தார். கடைசியில் வெங்காயத்தாள். முதல் வாயை அக்கா சாப்பிட்டார். இரண்டாவது வாயை எனக்கு ஊட்டினார். பயந்துகொண்டேதான் மென்றேன். வாழைத்தண்டு மாதிரி வழுவழுப்பு, எள் வாசனை, கடைசியில் மழை பெய்த மண் மாதிரி ஒன்று. நன்றாகவே இருந்தது.

ஏழாம் நம்பர் சார் கிண்ணத்தில் ஒரு நார்கூட விடவில்லை. எழுந்து அக்காவைப் பார்த்து மூன்று விரலைக் காட்டினார். அக்கா ஐந்து விரலைக் காட்டினார். அவர் இடுப்பு வரை குனிந்து வணங்கினார். அக்கா என்ன செய்வதென்று தெரியாமல் கும்பிட்டுவிட்டு அடுப்புப் பக்கம் திரும்பிக்கொண்டார்.

மேடம் கணக்கில் கண்டிப்பானவர். குழியில் போன கீரைக்கு அக்காவின் சம்பளத்தில் பிடித்தார். ஆனால் சமையலறைச் சாவியையும் அக்காவிடமே கொடுத்தார். இல்லாததை இருப்பதாகக் காட்டாமல் வெறும் கிண்ணத்தை வைத்தார் பார், அதற்காகத்தான் என்றாராம். அந்தச் சமையலறையைப் பத்து வருடம் அக்கா நடத்தினார். ஒருவருக்கும் ஒரு நாளும் வயிறு கெட்டதில்லை. அக்கா சமைத்ததை நம்பிச் சாப்பிடலாம். இதை யார் கேட்டாலும் நான் நிமிர்ந்து நின்று சொல்வேன்.

பிறகு சர்க்கரை அக்காவின் சிறுநீரகத்தைத் தின்றது. வாரம் இரண்டு முறை டயாலிசிஸ். கீரை, காய் எதுவாக இருந்தாலும் நிறையத் தண்ணீரில் வேகவைத்து, அந்தத் தண்ணீரைக் கொட்டிவிட்டுத்தான் கொடுக்க வேண்டும் என்று டாக்டர் சொன்னார். சுங்குவார்சத்திரத்து வீட்டில் அக்காவுக்குக் கடைசி எட்டு மாதம் சமைத்தவள் நான். முதல் நாள் அரைக்கீரைத் தண்ணீரைத் தொட்டியில் ஊற்றும்போது கட்டிலில் இருந்தபடியே பார்த்துக்கொண்டிருந்தார்.

"கொட்டுறியா?"

"கொட்டுறேங்க்கா."

"கீரையையும் சேத்துக் கொட்டிடாத."

ஒவ்வொரு வேளையும் இதைச் சொல்வார். சொல்லிவிட்டுத் தாமே சிரிப்பார். போன பங்குனியில் ஒரு காலை, மாமா கையைப் பிடித்தபடி போய்ச் சேர்ந்தார். முந்தின நாள் மதியமும் கீரை சாப்பிட்டார். உப்பு குறைவு என்றார்.

இந்தக் கட்டுரையை அச்சுக்குக் கொடுக்கும் முன் மாமாவிடம் காட்டினேன். படித்துவிட்டுக் கண்ணாடியைக் கழற்றினார். "அன்னிக்கே எங்கிட்ட சொல்லிட்டா. ஒன்னாண்ட கேக்கக் கூடாதுன்னு சத்தியம் வாங்கிக்கினா. நான் இன்னா பண்றது?" என்றார். பிறகு, "அந்தப் பொடவ வெலையத்தான் இன்னிக்கு தெரிஞ்சிக்கினேன்" என்றார்.

அக்காவை ஆஸ்பத்திரிக்கு ஏற்றி இறக்கிய வேன்காரத் தம்பிக்கும், ஊசி போடும்போது அக்காவைச் சிரிக்க வைத்த நர்ஸ் பெண்ணுக்கும், இரண்டு தெரு தள்ளியிருந்து தினமும் வந்து எட்டிப் பார்த்த அக்கம்பக்கத்தாருக்கும், தலைமாட்டில் உட்கார்ந்து பரீட்சைக்குப் படித்த அக்கா மகளுக்கும், காரியங்களை முன்நின்று நடத்திய உறவினர்களுக்கும் என் வணக்கம். அன்று ரசம் குடித்துவிட்டும் என் பெயரைச் சொல்லாத வாட்ச்மேன் அண்ணனுக்குத் தனி வணக்கம். இன்றும் என்னைப் பார்த்தால், "தங்கச்சி, ரசம் கீதா?" என்றுதான் கேட்கிறார்.

மேடத்திடம் அக்கா போன செய்தி கேட்டு, ஏழாம் நம்பர் சார் ஊரிலிருந்து ஒரு பொட்டலம் காய்ந்த பெரணி அனுப்பியிருக்கிறார். இன்று படையலில் அதுவும் உண்டு. இலையின் இடது ஓரத்தில் பழுப்பாகச் சுருண்டு கிடப்பதைப் பார்த்து யாரும் பயப்பட வேண்டாம். ஐந்து தண்ணீர் கொட்டியிருப்பேன். முதல் வாய் நான் சாப்பிட்டிருப்பேன். நம்பிச் சாப்பிடுங்கள்.

மேடம் பிடித்த பணத்தை அக்காவிடம் கொடுக்க நான் எத்தனையோ முறை போனேன். "மொதல்ல பொண்ணுக்கு பீஸு கட்டு" என்பார், "தீபாவளிக்கு அப்புறம் பாத்துக்கலாம்" என்பார். ஒரு முறை ஐந்நூறு ரூபாயைக் கையில் திணித்துவிட்டு வந்தேன். மறுநாள் அதில் என் மகளுக்குச் செருப்பு வாங்கி வந்துவிட்டார். ஆகவே அதைக் கழிக்கவில்லை. அக்காவுக்கு நான் தர வேண்டியது, இரண்டாயிரத்து நானூறு ரூபாய்.